பருவத்துக்கு ஒரு பீர்: வாசகர் கேள்விகள்

பண்டிகை விடுமுறையில் வரும் பருவ பீர்களைப் பற்றியும், பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே உணவோடு பரிமாறும் ப்ரூபப்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். சட்டப்படி குடிக்கும் வயதை எட்டியவர்களுக்கு மட்டும்.

கேள்வி: குளிர்கால பீர், பண்டிகை பீர் என்று தனியாக விற்கிறார்கள். உண்மையிலேயே அது வேறு பீரா, அல்லது லேபிளை மட்டும் மாற்றுகிறார்களா?

நல்ல இடத்தில் அது வேறு பீர்தான். குளிர்பதன வசதி வருவதற்கு முன் பீர் காய்ச்சுவதும் விவசாயம் போலப் பருவம் பார்த்துச் செய்கிற வேலையாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் காய்ச்சினால் வேண்டாத நுண்ணுயிர்கள் தொட்டிக்குள் பெருகி எல்லாவற்றையும் புளிக்க வைத்துவிடும். ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் வந்த ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்றது. அதனால் மார்ச்சில் சற்று வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடை முழுக்கக் குடித்தார்கள். மேர்ட்சன் என்ற பீரின் பெயர் மார்ச் மாதத்திலிருந்து வந்ததுதான். பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதிப் பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சிக் கோடையில் வேலையாட்களுக்குக் கொடுத்தது சைசோன். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கே 'பருவம்' என்றுதான் பொருள்.

பண்டிகைக்கென்றே காய்ச்சுவதும் பழைய வழக்கம். இன்று வருஷம் முழுக்கக் கிடைக்கும் ஸ்டெல்லா ஆர்ட்வா, 1926-ல் லூவன் நகரத்தில் கிறிஸ்துமஸ் பீராக வந்தது. ஸ்டெல்லா என்றால் லத்தீனில் நட்சத்திரம். டென்மார்க்கில் டூபோர்க் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பீர் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை இரவு 8.59-க்கு வெளியாகிறது. அந்த நாளுக்கு 'ஜே-நாள்' என்று தனிப்பெயரே உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'விண்டர் ஏல்', 'கிறிஸ்துமஸ் பீர்' என்ற பெயர்களுக்குக் கட்டாயமான செய்முறை எதுவும் கிடையாது. ஒரு இடத்தில் 5 சதவீத ஆல்கஹால், அடுத்த இடத்தில் 11 சதவீதம். ஒன்றில் பட்டையும் ஜாதிக்காயும் இருக்கும், இன்னொன்றில் மால்ட்டை (முளைவிட்டு உலர்த்திய பார்லி) தவிர மணம் தரும் வேறெதுவும் இருக்காது. எனவே பெயரை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். ஆல்கஹால் எத்தனை சதவீதம், மசாலா சேர்த்ததா என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ப்ரூபப் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் புரியவில்லை. குளிர்காலத்தில் எவற்றைத் தேடிக் குடிக்கலாம்?

எங்களைக் கேட்டால் முதலில் டாப்பல்பாக். ரொட்டியின் கருகாத மேல்தோல், காய்ந்த பழம், லேசான கேரமல் என்று மால்ட்டின் ருசி முழுவதும் அதில் இருக்கிறது. கசப்பு பின்னால்தான் நிற்கும். ஆல்கஹால் 7 முதல் 10 சதவீதம். மூனிக்கில் பவுலானர் துறவிகள் நோன்புக் காலத்துக்குக் காய்ச்சிய சால்வாட்டர்தான் இதன் மூலம். அதனால் இந்த வகை பீர்களின் பெயர்கள் பெரும்பாலும் 'ஆட்டர்' என்று முடியும். பலகையில் அந்த முடிவைப் பார்த்தாலே என்ன பீர் என்று கண்டுகொள்ளலாம். பாம்பெர்க் நகரத்தில் மால்ட்டை மரப்புகையில் உலர்த்திச் செய்யும் புகை பீர்களிலும் கிறிஸ்துமஸுக்கென்று டாப்பல்பாக் உண்டு. ஷ்லெங்கெர்லா அதற்கு வழக்கமான பீச் மரத்தை விட்டுவிட்டு ஓக் மரப்புகையைப் பயன்படுத்துகிறது.

அடுத்தது விண்டர் வார்மர். இது ஆங்கிலேய வழி. 5.5 முதல் 8 சதவீதம் வரை, பழுப்பு நிறம், டாஃபி போன்ற இனிப்பு. பார்லி வைன் என்பது திராட்சை சம்பந்தப்பட்டதல்ல. ஒயின் அளவுக்கு வலுவான, 8 முதல் 12 சதவீத பீர். இம்பீரியல் ஸ்டவுட்டும் அதே வலுதான், ஆனால் வறுத்த பார்லியால் காப்பியும் கறுப்புச் சாக்லேட்டும் சேர்ந்த ருசி வரும். இந்த இரண்டையும் முழு கிளாஸாக ஒருபோதும் வாங்காதீர்கள், 100 மி.லி. போதும்.

பச்சை ஹாப்ஸ் பீர் என்று ஒன்று உண்டு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பறித்து, உலர்த்தாமல், ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கொப்பரையில் போட்டுக் காய்ச்சுவது. பூமியின் வடபாதியில் ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடப்பதால் அக்டோபர், நவம்பரில்தான் இது சிறப்பாக இருக்கும். டிசம்பர் கடைசியில் பலகையில் இருந்தால் எப்போது காய்ச்சியது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டேஸ்டிங் ஃப்ளைட் வாங்கினால் நாலாவது கிளாஸ் வரும்போது எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது. நாக்கில் கோளாறா, குடிக்கும் முறையில் கோளாறா?

முறையில்தான். பெரும்பாலும் வரிசை தவறியிருக்கும், அல்லது வேகம்.

ஃப்ளைட் என்றால் ஒரு பலகையில் நாலு முதல் ஆறு சின்ன கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் 60 முதல் 120 மி.லி. வரை. நாலுக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். ஆறு வாங்கினால் கடைசி இரண்டு உங்கள் கவனத்துக்கு வரும் முன்பே சூடேறி, வாயுவும் போயிருக்கும்.

வரிசைக்கு மூன்று அளவுகோல்கள்: ஆல்கஹால், கசப்பு, வறுவல். மூன்றிலும் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும். வெளிர் லாகர் (குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கும் பீர்), பிறகு கோதுமை பீர், பிறகு மேர்ட்சன், கடைசியில் டாப்பல்பாக் அல்லது ஸ்டவுட் என்பது பெரும்பாலும் சரியாக வரும். நிறத்தை மட்டும் பார்த்து அடுக்காதீர்கள். கறுப்பாக இருக்கும் சில ஸ்டவுட்கள் 4 சதவீதம்தான், பொன்னிறத்தில் மின்னும் சில பெல்ஜிய பீர்கள் 9 சதவீதம். கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) இருந்தால் அது மால்ட் பீர்களுக்குப் பிறகு வர வேண்டும். ஹாப்ஸின் கசப்பு நாக்கில் பல நிமிடம் தங்கும். அதற்குப் பின் மேர்ட்சனைக் குடித்தால் சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும். மசாலா சேர்த்த பீரும் புகை பீரும் எல்லாவற்றுக்கும் கடைசி. புகையை முதலில் குடித்தால் அன்று முழுவதும் எதைக் குடித்தாலும் புகைதான்.

ஒவ்வொரு கிளாஸையும் இப்படி எடுங்கள். முதலில் மணம். கிளாஸை ஒரு சுற்றுச் சுழற்றி, மூக்கைக் கிட்டத்தில் வைத்து இரண்டு மூன்று சிறு மூச்சுகளாக முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு அந்த மணத்துக்கு உடனே பழகிவிடும். நுரை இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் நுரை உடையும்போதுதான் மணம் மேலே வருகிறது. பிறகு ஒரு வாய். நாக்கு முழுவதும் படரவிட்டு விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவது போல இங்கே துப்பக் கூடாது என்று பலர் சொல்வதற்குக் காரணம் உண்டு: கசப்பு தொண்டைப் பக்கம் போகும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும் பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது முந்தைய பீரைக் கழுவத்தான் உதவும். இரண்டாவது, மூன்றாவது வாய்தான் கணக்கு.

இடையில் சாதாரண அறைவெப்பத் தண்ணீர், உப்போ வெண்ணெயோ இல்லாத ரொட்டித் துண்டு. ஐஸ் தண்ணீர் நாக்கை மரத்துப்போகச் செய்யும். அன்று வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள். உங்கள் மூக்கோடு பக்கத்து மேஜைக்காரரின் மூக்கும் கெடும். உதட்டுச் சாயத்தில் இருக்கும் மெழுகும் எண்ணெயும் நுரையைக் கொன்றுவிடும்.

எழுதி வையுங்கள். பீரின் பெயர், சதவீதம், மணம் ஒரு வரி, ருசி ஒரு வரி, இன்னொரு கிளாஸ் வாங்குவேனா மாட்டேனா. அவ்வளவு போதும்.

கேள்வி: அத்தனை புகழ்ந்த பார்லி வைன் எனக்கு ஐஸ் போல வந்தது. ருசியே இல்லை. திருப்பித் தரலாமா?

தர வேண்டாம், காத்திருங்கள். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பேல் ஏலுக்கு (லாகரைவிடச் சூடாக நொதிக்கும் வெளிர் பீர்) 7 முதல் 10, டாப்பல்பாக்குக்கு 8 முதல் 12, பார்லி வைனுக்கும் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கும் 12 முதல் 14. பல இடங்களில் எல்லா கெக்குகளும் (பீர் அடைத்த உலோகப் பீப்பாய்கள்) 3, 4 டிகிரியில் ஒரே குளிர் அறையில்தான் நிற்கின்றன. லாகருக்குச் சரியான குளிர், வலுவான பீருக்கு அதிகம். குளிரில் மணம் தரும் பொருட்கள் ஆவியாகாது. மேலும் குளிர் இனிப்பை மறைத்துக் கசப்பையும் ஆல்கஹாலின் காரத்தையும் மட்டும் முன்னால் தள்ளும். இரண்டு உள்ளங்கைகளாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு 10, 15 நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். இடையிடையே ஒரு வாய் குடித்தால் அது எப்படித் திறந்துகொண்டு வருகிறது என்பதும் தெரியும். ஃப்ளைட் வாங்கும்போது இதை முதலிலேயே வாங்கி ஓரமாக வைத்துவிட்டால் முறை வரும்போது பதமாக இருக்கும்.

உறைய வைத்த கிளாஸில் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கிளாஸில் படிந்த பனி உருகி பீரில் கலக்கும். நுரையும் கட்டுக்கு அடங்காமல் பொங்கும்.

கேள்வி: பீர் கெட்டுப்போயிருக்கிறதா, அல்லது அதன் ருசியே அப்படித்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியாயமான கேள்வி. கிராஃப்ட் பீர் என்ற பெயரில் குறையையும் குணம் என்று விற்கும் இடங்கள் உண்டு. கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம், நாக்கில் வழுவழுப்பு: டைஅசெட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்குகிற பொருள் இது. கடைசியில் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். லாகரில் நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி, இரண்டு நாள் விட்டால் போய்விடும். பண்டிகைக்குள் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று அவசரப்பட்டு அதற்குள் குளிர்வித்தால் தங்கிவிடும். அதனால் விடுமுறை நெருக்கடியில் காய்ச்சிய லாகர்களில் இதை எதிர்பார்க்கலாம். ஒரே இடத்தில் பல டேப்களிலும் (பீர் ஊற்றும் குழாய்முனைகள்) வெண்ணெய் மணமும் புளிப்பும் சேர்ந்து வந்தால் குறை பீரில் இல்லை, குழாயில். கெக்கிலிருந்து டேப் வரை வரும் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலால் கழுவ வேண்டும். 'கடைசியாக எப்போது கழுவினீர்கள்?' என்ற கேள்விக்குத் தயங்காமல் தேதி சொல்கிற இடத்தை நம்பலாம்.

வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் மணம்: டைமெத்தில் சல்ஃபைட். வெளிர் மால்ட்டில் இருந்து வருவது. மூடியைத் திறந்து 60 முதல் 90 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். கொதி போதாவிட்டாலோ, கொதித்த சாற்றை மெதுவாக ஆறவிட்டாலோ தங்கும். வெளிர் லாகரில் ஒரு சாயல் இருந்தால் பொறுக்கலாம்; கறுப்பு பீரில் இருக்கவே கூடாது.

பச்சை ஆப்பிள்: அசெட்டால்டிஹைட். பீர் இன்னும் இளசு, தொட்டியிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

நனைந்த அட்டைப்பெட்டி: காற்று பட்டுப் பழசாகிவிட்டது. கெக் திறந்து நெடுநாள் ஆன மெதுவாக விற்கும் பீர்களில் வரும்.

கீரிப்பூனை போன்ற ஸ்கங்க் பிராணியின் நாற்றம் என்று மேல்நாட்டவர் சொல்வது வெளிச்சத்தால் வருவது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் தடுக்காது. பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும், கேனும் கெக்கும் முழுவதும் தடுக்கும். வெயிலில் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்தால் கிளாஸிலேயே சில நிமிடங்களில் இது நடந்துவிடும்.

வினிகர்ப் புளிப்பு: புளிப்பு பீர் என்று எழுதியிருந்தாலொழிய ஏற்க வேண்டாம்.

கிளாஸையும் பாருங்கள். பீருக்குள் கிளாஸின் உட்பக்கத்தில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெயோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழ்கள் நடுவில் எழும். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகப் படிந்து நிற்கும்.

குறை என்று உறுதியாகத் தோன்றினால், கால் பங்குக்கு மேல் குடிக்காமல், 'இதில் வெண்ணெய் மணம் வருகிறது, நீங்களும் ஒருமுறை பாருங்கள்' என்று சொல்லுங்கள். நல்ல இடம் கோபித்துக்கொள்ளாது, மாற்றித் தரும். 'பிடிக்கவில்லை' என்பது வேறு, 'குறை இருக்கிறது' என்பது வேறு. பிடிக்காததற்கு மாற்றுக் கேட்காதீர்கள். அதற்காகத்தான் ஆர்டருக்கு முன் ஒரு வாய் மாதிரி கேட்கும் வழக்கம் இருக்கிறது.

கேள்வி: கோதுமை பீரில் கிராம்பு, வாழைப்பழ மணம் வந்தது. எதுவும் சேர்க்கவில்லை என்கிறார்கள். நம்புவதா?

நம்பலாம். பவேரிய வகைக் கோதுமை பீருக்கென்று ஒரு ஈஸ்ட் உண்டு. கிராம்பு மணத்தையும் வாழைப்பழ மணத்தையும் அதுவே உண்டாக்குகிறது. சற்றுச் சூடாக நொதித்தால் வாழைப்பழம் மேலோங்கும், குளிர்ச்சியாக நொதித்தால் கிராம்பு. இதே கிராம்பு மணம் லாகரிலோ பேல் ஏலிலோ வந்தால் அது குறை. காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கும்.

மசாலா சேர்த்த குளிர்கால பீரில் கவனிக்க வேண்டியது அளவு. கொதி முடியும் நேரத்தில் போட்ட பட்டையும் ஆரஞ்சுத் தோலும் பீரோடு கலந்து நிற்கும். நொதித்த பின் அதிகமாகப் போட்டால் மரத்துகள் மென்றது போலத் துவர்க்கும். முதல் வாயில் 'ஜாதிக்காய்' என்று தனியாகப் பெயர் சொல்ல முடிந்தால் அளவு மீறிவிட்டது. பூசணி பீர் என்பவற்றில் பலவும் பூசணிப் பண்டத்துக்குப் போடும் மசாலாவின் ருசிதான். பூசணிக்கென்று தனி ருசி பீரில் அதிகம் தெரியாது.

கேள்வி: நாலு சின்ன கிளாஸ்தானே, வண்டி ஓட்டலாம் அல்லவா?

ஓட்டக் கூடாது. கணக்கைப் பாருங்கள். பீரின் மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.789-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் ஆல்கஹால் என்று வரும். சாதாரண 5 சதவீத பீர் 330 மி.லி.யில் 13 கிராம். குளிர்காலப் ஃப்ளைட் ஒன்றில் 100 மி.லி. வீதம் 4.5, 6, 7.5, 10 சதவீத பீர்கள் இருந்தால் மொத்தம் 22 கிராம். பார்க்கச் சின்ன கிளாஸ்கள், உள்ளே போனது ஏறத்தாழ ஒன்றே முக்கால் பாட்டில். கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். அந்த ஒரு ஃப்ளைட் தீரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். காப்பியோ குளிர்ந்த நீரோ வாந்தியோ இதைத் துரிதப்படுத்தாது. உடல் எடை, வயது, பெண்ணா ஆணா, சாப்பிட்டாரா என்பதைப் பொறுத்து இரத்தத்தில் ஏறும் அளவு மாறும். அதனால் 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற கணக்கு யாருக்கும் பொருந்தாது.

குழுவாகப் போனால் ஓட்டுபவர் யார் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருக்கட்டும். இல்லையென்றால் பொதுப் போக்குவரத்து, வாடகைக் கார். விடுமுறை இரவுகளில் கடைசி ரயிலும் பஸ்ஸும் முன்னதாகவே நின்றுவிடும் என்பதால் திரும்பும் வழியை முதலில் பாருங்கள். போகும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் அதைப்போல் இரண்டு பங்கு தண்ணீர் குடியுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. மருந்து எடுப்பவர்கள், குறிப்பாகத் தூக்க மருந்தோ மெட்ரோனிடசோலோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பீரில் அசைவம் கலக்கும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சிலவற்றில் உண்மைதான். பீரைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது உண்டு; அது மீனின் காற்றுப் பையை உலர்த்திச் செய்வது. பீப்பாயிலேயே முதிரவிட்டு 11 முதல் 13 டிகிரியில் பரிமாறும் ஆங்கிலேயக் காஸ்க் ஏல்களில் இது பழைய வழக்கம். மீன்பையின் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும், ஆனாலும் சைவம் என்று சொல்ல முடியாது. ஜெலட்டினும் சில இடங்களில் உண்டு. கலங்கலாகவே விடும் பீர்களிலும், வடிகட்டித் தெளிய வைப்பவற்றிலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. 'எதை வைத்துத் தெளிய வைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பாசியிலிருந்து எடுக்கும் ஐரிஷ் மாஸ் என்றால் கவலையில்லை.

இன்னும் இரண்டு: மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரை இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் சிலர் சிப்பியையே போட்டுக் காய்ச்சுகிறார்கள். கோதுமை, பார்லிப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குச் சாதாரண பீர் எதுவுமே கூடாது.

கேள்வி: விடுமுறையில் ப்ரூபப் சுற்றுலா போக நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது? ஒரே நாளில் நாலு இடம் முடியுமா?

நாலு வேண்டாம். இரண்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு நடை. மூன்றாவது இடத்தில் நீங்கள் குடிப்பது எதுவும் நினைவில் நிற்காது.

முன்கூட்டிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போன். பண்டிகை நாட்களில் இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பக் கூடாது. திறந்திருக்கிறதா, சமையலறையும் திறந்திருக்கிறதா, பருவ பீர் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். சின்ன ப்ரூபப்கள் ஒரு பருவ பீரை ஒரே ஒரு தொட்டி காய்ச்சுவதும் உண்டு. தீர்ந்தால் அடுத்த வருஷம்தான். அதனால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் போவது பண்டிகையன்று போவதைவிட மேல். வாரநாள் பிற்பகலில் போனால் காய்ச்சுபவரோடு பேசவும் வாய்ப்புண்டு.

உள்ளே சுற்றிக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். விரல்களை மூடும் செருப்பு கட்டாயம்; தரை ஈரமாகவும் சூடாகவும் இருக்கும். விடுமுறையில் போனால் கொப்பரை காலியாக, ஆறிப்போய் இருக்கக்கூடும், ஏமாற்றம் வேண்டாம். பண்டிகைக்கு ஊற்றும் டாப்பல்பாக்கை இலையுதிர் காலத்திலேயே காய்ச்சியிருப்பார்கள். அரைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸோடு கொதிக்கவிடுவது எல்லாம் ஒரு நாள் வேலை. ஏல் பிறகு 18 முதல் 22 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் நொதிக்கும். லாகர் 8 முதல் 12 டிகிரியில் நொதித்து, அதன்பின் உறைநிலைக்குச் சற்று மேலே பல வாரம் ஓய்வெடுக்கும். காத்திருப்பது தொட்டிகளில்தான் நடக்கிறது. அவற்றின் மேல் மாட்டிய அட்டைகளில் காய்ச்சிய தேதி இருக்கும், அதைப் படியுங்கள். ஒரு லாகர் அட்டையில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி இருந்து, பீர் டேப்பில் வந்துவிட்டால், மேலே சொன்ன வெண்ணெய் மணத்தைத் தேடிப் பாருங்கள். நொதிக்கும் தொட்டியைத் திறந்து காட்டினாலும் தலையை உள்ளே நீட்டாதீர்கள். அங்கே நிறைந்திருப்பது கரியமில வாயு, ஒரே மூச்சில் மயக்கம் வரும்.

கேள்வி: குடிக்காத நண்பரையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. 0.5 சதவீதத்துக்கு உட்பட்ட ஆல்கஹால் இல்லாத பீர் பல இடங்களில் டேப்பிலேயே இருக்கிறது. சில இடங்கள் இஞ்சிப் பானமும், ரூட் பீர் என்ற மது இல்லாத இனிப்புப் பானமும் தாங்களே செய்கின்றன. மதுவை விட்டவர் என்றால் ஆல்கஹால் இல்லாத பீரையும் நீட்டாதீர்கள். அந்த மணமே அவருக்குச் சோதனை. அவரை வேறு இடத்தில் சந்தியுங்கள்.

கேள்வி: ப்ரூபப்பிலிருந்து கிரௌலரில் வாங்கிவந்த பீர் மறுநாளே சப்பென்று ஆகிவிட்டது. விமானத்தில் எடுத்து வரலாமா?

கிரௌலர் என்பது சுமார் 1.9 லிட்டர் பாட்டில். அதை டேப்பின் கீழே பிடித்து நேரடியாக நிரப்பினால் காற்றும் கூடவே போகும். சரியான முறை: முதலில் கரியமில வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, டேப்பில் மாட்டிய குழாயைப் பாட்டிலின் அடி வரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்பி, நுரையின் மேலேயே மூட வேண்டும். அப்படிச் செய்கிறார்களா என்று பாருங்கள். சொந்த பாட்டில் கொண்டுபோனால் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்தியிருக்க வேண்டும். பழைய பீரின் மிச்சம் ஒரு துளி இருந்தாலும் புளிக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டி. மூடியோடு இரண்டு மூன்று நாள், திறந்தால் அன்றே. கண்ணாடிக் கிரௌலரைக் காருக்குள் வெயிலில் விடவே கூடாது. சூடானால் வாயு அழுத்தம் ஏறி வெடிக்கும். கேனாக அடைத்துத் தரும் வசதி இருந்தால் அதுவே மேல்.

விமானத்தில் 24 சதவீதத்துக்கு உட்பட்ட மதுவை அபாயப் பொருளாகக் கருதுவதில்லை, எனவே சரக்குப் பெட்டியில் பீர் போகலாம். ஆனால் பெட்டியின் எடையும், இறங்கும் நாட்டின் சுங்க வரம்பும், மதுவை அனுமதிக்காத நாடுகளின் சட்டமும் தனி. கிரௌலர் வேண்டாம், மூடி முத்திரை உடையாத பாட்டில் அல்லது கேன் மட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் எந்தப் பக்கமும் தொடாமல் வையுங்கள்.

கேள்வி: வாங்கிவந்த பீர்களை அடுத்த பண்டிகைக்கு எடுத்து வைத்தால் ருசி கூடுமா?

பெரும்பாலானவற்றுக்குக் கூடாது, குறையும். ஐ.பி.ஏ., பச்சை ஹாப்ஸ் பீர், கோதுமை பீர், லாகர் எல்லாம் புதிதாகக் குடிக்க வேண்டியவை. ஹாப்ஸ் மணம்தான் முதலில் போகும். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மசாலா சேர்த்தவையும் நிற்பதில்லை. முதலில் மசாலா மங்கும், பிறகு மங்கிய மசாலா மட்டுமே மிஞ்சும்.

தாங்குவது 8 சதவீதத்துக்கு மேற்பட்ட, மால்ட் கனமான பீர்கள். பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட், வலுவான பெல்ஜியக் கறுப்பு ஏல். ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க் ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பர் 6-ல் மட்டும் காய்ச்சும் சமிக்லௌஸ் 14 சதவீதம். பல மாதம் முதிரவிட்டுத்தான் வெளியே வரும். பாட்டிலிலும் பல வருஷம் தாங்கும்.

வைக்கும் இடம் இருட்டாக, 10 முதல் 13 டிகிரியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். சமையலறை மேல்தட்டு வேண்டாம். ஒயினைப் போலப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். காற்று படும் பரப்பு குறையும், ஈஸ்ட் வண்டலும் அடியில் இறுகும். கழுத்தில் ஒரு சீட்டு கட்டி, வாங்கிய மாதம் எழுதுங்கள். திறக்கும்போது கிளாஸைச் சாய்த்து ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்துங்கள். திறந்தவுடன் நுரை பொங்கிப் பாட்டிலை விட்டு வழிந்தால், அதிகக் குலுக்கலோ சூடோ காரணமாக இருக்கலாம். அதே பீரின் குளிர்ந்த, அசையாத பாட்டிலும் பொங்கினால் உள்ளே தொற்று.

ஒரே பீரில் மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து குறிப்பு எழுதுங்கள். இரண்டாவதை அடுத்த வருஷம், அந்த வருஷத்துப் புதுப் பாட்டிலோடு பக்கத்தில் வைத்துத் திறங்கள். காரம் தணிந்து, காய்ந்த திராட்சையும் ஷெரி ஒயினும் போன்ற ருசி ஏறியிருந்தால் மூன்றாவதை இன்னும் இரண்டு வருஷம் விடலாம். நனைந்த அட்டை மணம் தலைகாட்டியிருந்தால் மூன்றாவதை அந்த வாரமே குடித்துவிடுங்கள்.